கொமாத்ரி கூப்பிட்ட இடம்

அன்று காலை எங்கள் வீட்டில் முதல் சண்டை ஒரு ஜோடி செருப்புக்காக வந்தது.

"அம்மா, என் மஞ்சச் செருப்பு எங்க?" என்று இயாரா வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். ரப்பர் செருப்புதான், அதுவும் பழசு, அவள் காலுக்குச் சின்னதாகியும் போயிருந்தது. ஆனால் என் நகப்பூச்சைத் திருடி அதன் குதிகால் பக்கம் ஊதா நிறத்தில் பூ வரைந்து வைத்திருந்தாள். அதனால் அது தொலைந்துபோனது பெரிய துக்கம்.

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும், விடு" என்றான் நெரேவு, காப்பிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஏன், உன் செருப்பை மட்டும் தூக்கலையே? நாத்தம் தாங்காம வுட்டுடுச்சா?" என்றேன் நான்.

என் புருஷன் நான் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிற ஆள். அன்று பேசாமல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். தலைக்குள் விருந்துக் கவலை ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இயாராவுக்குக் கோயிலில் பாதிரியார் கையால் முதல் நற்கருணை. "தெரு முழுக்க எம் பொண்ணு பேரைச் சொல்லிப் பொரிச்ச மீன் திங்கணும்" என்று சாராயக் கடையில் உட்கார்ந்து ஊருக்கே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். மனுஷனுக்கு வாய் முன்னால் போகும், கை பின்னால் போகும். தெற்கிலிருந்து குளிர்காற்று இன்னும் இறங்கவில்லை. அந்தக் காற்று வராமல் மடவை மீன் வராது. மடவை வராமல் டால்பின் மட்டும் என்ன செய்யும்?

எங்கள் லகூனா ஊரில் மீன் பிடிப்பது நாங்கள் அல்ல, டால்பின்கள்தான். நாங்கள், உப்பங்கழி கடலில் கலக்கிற கடல்வாய்க் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக, வீச்சுவலையைக் கையில் அடுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்போம். தண்ணீர் கலங்கல். உள்ளே மீன் இருக்கிறதா, செத்த பூனை இருக்கிறதா, ஒரு மண்ணும் தெரியாது. டால்பின்தான் மீன்கூட்டத்தை மடக்கி எங்கள் பக்கம் ஓட்டிக்கொண்டு வரும். வந்து, தலையைத் தூக்கிப் பட்டென்று தண்ணீரில் அடிக்கும். அந்த அடி விழுந்த கணத்தில் வலை பறக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் போச்சு. வலையைப் பார்த்துச் சிதறி ஓடுகிற மீனை அவர்கள் தின்பார்கள், உள்ளே விழுந்ததை நாங்கள் எடுத்துக்கொள்வோம். என் அப்பன் காலத்திலும் இதே கணக்குதான், அவன் அப்பன் காலத்திலும் இதே கணக்குதான். எல்லா டால்பினுக்கும் இந்த வேலை தெரியாது. தாய் செய்வதைக் கூடவே நீந்திப் பார்த்துக் கற்றுக்கொண்ட குட்டிக்குத்தான் தெரியும். வேலை தெரிந்தவர்களுக்கு நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம்.

அதில் கொமாத்ரி எங்கள் வீட்டுப் பெயர். இயாரா பிறந்த அன்று நெரேவு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கரைக்கு ஓடினான். ஓர் இளம் டால்பின் அவனுக்கு நேராக வந்து தலையை அடித்தது. அவன் வீசிய வலையைத் தனியாக இழுக்க முடியவில்லை. சந்தோஷத்தில் கிறுக்குப் பிடித்தவன் கரையில் நின்று, "எம் மகளுக்கு ஞானத்தாய் இவதான்டா!" என்று கத்தினான். பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்பவளைப் பெற்றவர்கள் கொமாத்ரி என்றுதான் கூப்பிடுவோம். பாதிரியார் முகத்தைச் சுளித்தார், ஊர் சிரித்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து கொமாத்ரி வேறு யாருக்குத் தலையடித்தாலும் அடிக்காவிட்டாலும் நெரேவு நிற்கும் இடத்துக்கு நேராக வந்து ஒரு முறையாவது அடிப்பாள். போன கோடையில் அவளுக்கு ஒரு குட்டி பிறந்தது. இயாரா அதற்குப் பிங்கோ என்று பெயர் வைத்தாள். துளி என்று அர்த்தம். அந்தத் துளி ஆத்தாளின் விலாவை விட்டு ஒரு முழம் நகராது.

எங்கள் வரிசைக்கு எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் ஒன்றை மட்டும் யாரும் மீற மாட்டார்கள். கடல்வாயில் கெளுத்திக்குக் கட்டுவலை போடக் கூடாது. கம்பத்துக்குக் கம்பம் கட்டி, தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டு வந்துவிடுகிற வலை அது. கெளுத்தியும் மாட்டும், டால்பினும் மாட்டும். மாட்டிய டால்பின் மூச்சு விட மேலே வர முடியாமல் செத்துப்போகும். அந்த வலையைப் போட்டவன் எவனோ அவனும் அவன் குடும்பமும் வரிசையில் நிற்கவே கூடாது. அவ்வளவுதான். அவனோடு யாரும் சண்டை போட மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள்.

நான் வலை வீசப் போவது முதலில் பல பேருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பொம்பளைக்கு எதற்கு இடம் என்றார்கள். என் வலை விழுகிற வட்டத்தைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். வரிசையில் மூத்தவர் தோர்வால் அண்ணன். அவருக்கு அடுத்து நெரேவு, அவனுக்கு அடுத்து நான், எனக்கு அந்தப் பக்கம் ஜூக்கா. ஜூக்காவுக்கு வலையைவிட வாய் பெரிது.

அன்று நாங்கள் இறங்கியபோது நீர் வற்றி, தொடை வரைதான் இருந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கொமாத்ரி வந்தாள். எப்போதும் கடல் பக்கமிருந்து வருபவள், அன்று உள்பக்கம், உடைந்த பழைய படகுத்துறை இருக்கும் பக்கமிருந்து வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்து எல்லோரும் வலையை உயர்த்தினோம். நேராக நெரேவுக்கு முன்னால் நின்று பட்டென்று அடித்தாள்.

தோர்வால் அண்ணன் வீசினார். நான் வீசினேன். ஜூக்கா வீசினான். மூன்று வலையும் வெறும் வலையாக வந்தன. நெரேவு மட்டும் வீசவில்லை.

"என்னய்யா, நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்றேன்.

"கை மரத்துப்போச்சு" என்றான்.

கொமாத்ரி திரும்பிப் படகுத்துறைப் பக்கம் போனாள். பாதி தூரத்தில் நின்று மறுபடி அடித்தாள். அங்கே நாங்கள் யாரும் நிற்கவே இல்லை. வெறும் தண்ணீரைப் பார்த்து அடித்தாள்.

"பாருடா, ஆளே இல்லாத இடத்துல யாருக்கு சிக்னல் குடுக்குறா?" என்று ஜூக்கா சிரித்தான். "அண்ணே, கொமாத்ரிக்குக் கண்ணு மங்கிடுச்சு. கண்ணாடி வாங்கிக் குடுங்க."

"உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து மங்கியிருக்கும்" என்றார் தோர்வால் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் திரும்பி வந்தாள். மறுபடி நெரேவுக்கு முன்னால் அடித்தாள். மறுபடி நாங்கள் வீசினோம், மறுபடி வெறும் வலை. மறுபடி படகுத்துறைப் பக்கம் ஓடி அடித்தாள். ஜூக்காவும் இன்னும் இரண்டு பேரும் அவள் பின்னாலேயே நடந்துபோய் அங்கேயும் வீசிப் பார்த்தார்கள். ஒரு நண்டுகூட வரவில்லை.

"பொய் சொல்றா அண்ணே" என்று ஜூக்கா கத்தினான். இப்போது அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "நம்மள வச்சு வெளையாடுறா. தின்னு கொழுத்துப் போயி வெளையாட்டு காட்டுறா!"

தலையடித்தால் மீன். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக அவர்கள் எங்களிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான், நாங்கள் புரிந்துகொண்டதும் அந்த ஒரே அர்த்தத்தைத்தான். அதைத் தவிர வேறெதையும் அவள் சொல்ல விரும்பலாம் என்று எந்த மடையனுக்கும், எனக்கும்தான், தோன்றவில்லை.

இதற்குள் ஏற்றம் தொடங்கி, கடல் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. தொடையில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கொமாத்ரி போவதும் வருவதும் அடிப்பதுமாகவே இருந்தாள். மூச்சு விடுகிற சத்தம் புஸ் புஸ்ஸென்று கேட்டது. மீன் மடக்குகிற டால்பின் அப்படி மூச்சு வாங்காது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

"நெரேவு, குட்டி எங்கய்யா?"

அவன் திரும்பவில்லை.

"பிங்கோ அவகூட இல்லய்யா. அது இல்லாம இவ வந்ததே இல்லையே!"

"எங்கயாவது மேயும். நீ உன் வேலையப் பாரு, ஜந்திரா."

"மூணு தடவ உனக்கு நேரா வந்து அடிச்சிருக்கா. நீ ஒரு தடவகூட வீசல. என்ன ஆச்சு உனக்கு?"

"அங்க மீன் இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

பத்து வருஷமாக அவள் அடித்து இவன் வீசாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. காய்ச்சலோடு நின்று வீசியிருக்கிறான். வரிசையை விட்டுவிட்டுப் படகுத்துறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

"ஜந்திரா! எடத்த விட்டுப் போகாத!" என்று பின்னாலிருந்து கத்தினான்.

நான் போவதைப் பார்த்ததும் கொமாத்ரி எனக்கு முன்னால் வந்து, துறையின் உடைந்த கம்பங்களுக்கு நடுவே போய் அடித்தாள். தண்ணீர் எனக்கு நெஞ்சுக்கு வந்திருந்தது. அவள் அடித்த இடத்தில் வலையை வீசினேன். இழுத்தேன். வரவில்லை. எதிலோ சிக்கியிருந்தது.

நெரேவு என்னை நோக்கித் தண்ணீரில் ஓடிவந்துகொண்டிருந்தான். "விட்டுடு! கல்லுல மாட்டியிருக்கும். வெட்டி வுடு வலைய!"

"என் கையால பின்னின வலைய எதுக்குய்யா வெட்டணும்? வந்து ஒரு கை புடி!"

அவன் வந்தான். ஆனால் கை கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தோர்வால் அண்ணனும் ஜூக்காவும்தான் வந்து இழுத்தார்கள். முதலில் என் வலை வந்தது. அதோடு பின்னிக்கொண்டு இன்னொரு வலை வந்தது. தடித்த நூல், அகலக் கண்ணி. அதில் ஒரு கெளுத்தி முள்ளை விரித்துக்கொண்டு துடித்தது. அடுத்து இன்னொரு கெளுத்தி. அந்த வலை என்ன வலை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த இழுப்பில் ஒரு சின்ன வால் வந்தது.

ஜூக்கா, "மாதாவே" என்றான்.

பிங்கோவைக் கைகளில் ஏந்தி மேலே தூக்கினோம். வாலிலும் துடுப்பிலும் கண்ணி இறுகித் தோலுக்குள் இறங்கியிருந்தது. மூக்கு தோலுரிந்து சிவந்திருந்தது. தோர்வால் அண்ணன் அதன் நெஞ்சில் காதை வைத்தார். மறுபக்கம் திருப்பி வைத்தார். உச்சியில் இருக்கும் மூச்சுத் துளையைத் துடைத்துவிட்டு, ஏதோ செய்தால் திறந்துவிடும் என்பதுபோல விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"சூடு இருக்கு" என்றார். "இன்னும் சூடு இருக்கும்மா. இப்பதான்... இப்பதான் போயிருக்கு."

ஜூக்கா பக்கத்துக் கம்பத்தைக் காட்டினான். கம்பத்தில் பாசி படிந்த இடத்தில் ஒரு பட்டை, புதிதாகச் சுரண்டி, மரம் வெளுத்துத் தெரிந்தது. அந்தப் பட்டை இப்போது தண்ணீருக்குள் முழங்கை ஆழத்தில் இருந்தது. நீர் வற்றியிருந்தபோது அதுதான் தண்ணீர் மட்டம். வலை இடம் கொடுத்த மட்டும் எம்பி, கம்பத்தில் மூக்கை உரசி உரசி, குட்டி அந்த இடத்தில் மூச்சு வாங்கியிருக்கிறது. கடல் ஏறியது. வலை ஏறவில்லை.

அவள் முதல் முறை வந்து அடித்தபோது குட்டி உயிரோடு இருந்தது. நாங்கள் கண்ணாடி வாங்கித் தரச் சொல்லிச் சிரித்தபோதும் உயிரோடு இருந்தது. பொய் சொல்கிறாள் என்று திட்டியபோது அது இந்தக் கம்பத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மனுஷனைக் கூப்பிட அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழி. அந்த வழியில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஜூக்கா கம்பத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

தோர்வால் அண்ணன் குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். அதற்குள் வரிசையில் நின்ற எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை.

"யார் வலை இது?"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் ஒரு கையில் குட்டி. இன்னொரு கை, விழாமல் இருக்க, அந்த வலையின் மேல்கயிற்றைப் பிடித்திருந்தது. கயிற்றில் கட்டியிருந்த மிதவை விரலில் தட்டுப்பட்டது. எங்களூரில் மிதவைக்கு யாரும் கடைக்குப் போக மாட்டோம். பழைய ரப்பர் செருப்பைத் துண்டு போட்டுத் துளையிட்டுக் கட்டிவிடுவோம். என் விரலில் தட்டுப்பட்டதும் அப்படி ஒரு துண்டுதான். குனிந்து பார்த்தேன்.

மஞ்சள். அதில் ஊதா நிறத்தில் பாதிப் பூ.

மிதவையைக் கைக்குள் மூடிக்கொண்டேன். அதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும், மூடத்தான் செய்தேன். என் இடம், என் மகளின் விருந்து, நாளைக்கு நாங்கள் எப்படிப் பிழைப்பது, எல்லாம் அந்தக் கைக்குள்தான் இருந்தது. நெரேவைப் பார்த்தேன். இவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை உண்மை சொல்லிவிட்டால் போதும், இவன் பக்கத்தில் நின்றுவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

நெரேவு வாயைத் திறந்தான்.

"எந்தப் படுபாவி செஞ்சானோ" என்றான். "அவன் கை அழுகிப் போகணும்."

நான் கையைத் திறந்தேன்.

"இயாராவோட செருப்பு இது" என்றேன். "நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு காலையில சொன்னியே. நாய் இங்க வந்து வலை கட்டுச்சா?"

தோர்வால் அண்ணன் என் கையிலிருந்த மஞ்சள் துண்டைப் பார்த்தார். நெரேவைப் பார்த்தார். அவருக்கும் நெரேவுக்கும் முப்பது வருஷப் பழக்கம். தண்ணீரில் எச்சில்கூடத் துப்பாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஜூக்கா மட்டும் என்னைத் தாண்டும்போது, "அக்கா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போனான்.

"விருந்துக்கு" என்றான் நெரேவு. "காத்து வரல, மடவை வரல... ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன் ஜந்திரா. ஒரே ஒரு ராத்திரிக்கு. விடியறதுக்குள்ள எடுத்துடலாம்னு நெனச்சேன். எனக்கு முந்தி தோர்வால் அண்ணன் வந்துட்டாரு."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவ குட்டி இல்லாம வந்தப்ப, உனக்குத் தெரியுமா?"

அவன் தண்ணீரையே பார்த்தான்.

"கேக்குறேன்ல! தெரியுமா, தெரியாதா?"

"தோணுச்சு" என்றான். "இருக்குமோன்னு தோணுச்சு. அதுவா கழட்டிக்கிட்டு வந்துடும்னு இருந்தேன். சொன்னா எடம் போயிடுமே..."

இந்தக் கையால்தான் இவன் என் மகளை முதலில் தூக்கினான். அந்தக் கையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அவன் இடுப்பிலிருந்த கத்தியை உருவிக் கண்ணிகளை அறுத்தேன். கொமாத்ரி கைக்கெட்டும் தூரத்தில் அசையாமல் கிடந்தாள். குட்டியைத் தண்ணீரில் விட்டேன். அது மூழ்கப் பார்த்தது. அவள் கீழே போய் மூக்கால் அதைத் தூக்கி மேலே கொண்டுவந்தாள். நழுவியது. மறுபடி தூக்கினாள். அப்படியே தூக்கித் தூக்கிக் கடல் பக்கம் கொண்டுபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை இயாரா வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு நற்கருணை வாங்கினாள். கோயிலில் எங்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. விருந்து வைக்கவில்லை. வைத்திருந்தாலும் வருவதற்கு ஆளில்லை. அவளிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மற்றவர் வாயிலிருந்து அவள் கேட்கக் கூடாது. "என் செருப்பாலயா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று சொன்னேன், நம்பவில்லை.

மறுநாள் தெற்கிலிருந்து காற்று இறங்கியது. மடவை வந்துவிடும் என்று ஊரே கரைக்கு ஓடியது. எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் கால் கேட்கவில்லை. கடல்வாயோரக் கற்சுவர் மேல் போய் நின்றேன். சற்றுத் தள்ளி நெரேவும் வந்து நின்றிருந்தான். கையில் வலை இல்லாமல் அவனை அந்தக் கரையில் நான் பார்த்ததே இல்லை.

கீழே வரிசை நின்றது. தோர்வால் அண்ணனுக்கும் ஜூக்காவுக்கும் நடுவில் இரண்டு ஆள் அகலத்துக்கு வெறும் தண்ணீர். அந்த இடத்துக்கு யாரும் நகர்ந்து வரவில்லை.

கொமாத்ரி வந்தாள். குட்டியை இன்னும் விடவில்லை. மூக்கின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். அது ஊதி, தோல் உரிந்து, பார்க்க முடியாத கோலத்தில் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவள் தோர்வால் அண்ணனைத் தாண்டினாள். அந்த வெற்றிடத்துக்கு நேராக வந்து நின்றாள். குட்டியைத் தண்ணீரில் மெல்ல இறக்கினாள். தலையைத் தூக்கிப் பட்டென்று அடித்தாள்.

ஒரு வலைகூட எழவில்லை.

நெரேவின் தோள் மட்டும் தானாக ஒரு முறை தூக்கிப் போட்டது. பத்து வருஷப் பழக்கம். அவள் அடித்தால் இவன் வீசுவான். வெறும் கையைப் பார்த்துவிட்டு, அப்படியே கல்லின் மேல் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"என்னடி வேணும் உனக்கு?" என்று நான் அங்கிருந்தே கத்தினேன். "அந்த எடத்துல யாரும் இல்லடி! போடி, போயிடு!"

அவள் குட்டியை ஒரு முறை மூக்கால் தொட்டாள். பிறகு அதே இடத்தில், மறுபடியும் தலையைத் தூக்கி அடித்தாள்.